'யாரு?' என்று கேட்கும் கடைகள்

பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் வீரபாகு அதை மூக்கருகே கொண்டுபோவதில்லை, காதருகே கொண்டுபோகிறார். காராசேவுப் பொட்டலத்தை லேசாக ஒரு அமுக்கு அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். கடைக்காரர் தராசைப் பிடித்தபடி காத்திருக்கிறார். "நேத்து போட்டது. வேற குடுப்பா" என்கிறார் வீரபாகு. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் உள்ளேயிருந்து வேறு எடுத்து வருகிறார். பட்டணத்துத் தங்கசாலைத் தெருவில், பத்து மணி வெயிலில், ஒரு மனிதர் பொட்டலத்துக்குக் காது கொடுத்து நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். அந்தத் தெருவில் யாரும் சிரிப்பதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீரபாகுவுக்கு வயது ஐம்பத்திரண்டு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்காரும் பொறுமை அவருக்கு இல்லை. "குந்துன எடத்துலயே குந்திக்கினு இருக்க நான் இன்னா அம்மிக்கல்லா?" என்பார். அதனால் ஒரு ஜவுளி முதலாளியிடம் சேலை மூட்டை சுமக்கிற வேலை. வியாழக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் பட்டணம் போய், கடை கடையாகப் பட்டுச்சேலைகளை இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறார். கடைக்காரர்கள் சேலையைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இல்லாத குறையெல்லாம் சொல்லி முடிக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாள்தான் வீரபாகுவின் ராஜ்யம். இருபத்தைந்து வருஷத்து அரை நாட்களையும் அவர் தின்றே தீர்த்திருக்கிறார். அப்படியும் உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றுமில்லை; குச்சியில் சட்டையை மாட்டிவிட்ட மாதிரி இருப்பார். தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

பட்டணத்தில் கடற்கரை எந்தப் பக்கம் என்று கேட்டால் சற்று யோசிப்பார். செத்த காலேஜ் என்கிற மியூசியமும் உயிர்க் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலையும் அவர் பார்த்ததில்லை. ஆனால் கந்தகோட்டத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், காலை எட்டு மணிக்கு மேல் கதவைச் சாத்திவிடுகிற ஒரு அம்மாள் சுடும் ஆப்பத்தை அவர் அறிவார். சௌகார்பேட்டையில் மார்வாடி அடுப்பில் பால் சுண்டும்போது எந்த நேரம் போய் நின்றால் கரண்டியில் ஒட்டிய ஆடை இனாமாகக் கிடைக்கும் என்று அறிவார். கொத்தவால் சாவடியில் வாழைத்தார் இறங்கும்போதே எது புகை போட்டுப் பழுத்தது, எது தானாகப் பழுத்தது என்று தள்ளி நின்று சொல்வார். திருவல்லிக்கேணிக் குளத்தங்கரையில் இட்லி முழுகச் சாம்பார் ஊற்றுகிற கடையில், எந்தச் சப்ளையருக்குக் கை தாராளம் என்பதுகூட அவருக்குத் தெரியும். "பெரிய கடையில துண்ணக் கூடாதுபா. அங்க மேசையப் பாத்துத் தொடைப்பான். சின்னக் கடையிலதான் மனுசன் மூஞ்சியப் பாத்துப் போடுவான்" என்பது அவர் கட்சி. சொந்த ஊரைப் பற்றிய அபிப்பிராயம் இன்னும் சுருக்கமானது. "நம்ப ஊர்ல பெருமாள் கோயில் இட்லி ஒண்ணுதான். மீதியெல்லாம் பசிக்கித் துண்றது."

தறிக்காரர்கள் யாராவது பட்டணம் போனால் அவரோடுதான் போவார்கள். வேலை முடிந்ததும் "வா, ஒனக்கு ஒரு எடம் காட்றேன்" என்று கூட்டிப்போவார். வந்தவர் சாப்பிடும்போது வீரபாகு எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அந்த ஆளின் விரல்களையே பார்த்திருப்பார். முதலில் எதைத் தொடுகிறார், எதைக் கடைசிக்கு ஒதுக்குகிறார், எந்தக் கவளத்தில் கண் தானாக மூடுகிறது. எதையும் எழுதி வைப்பதில்லை. "ஒருத்தன் எப்பிடித் துண்றான்னு ஒருவாட்டி பாத்துக்கினா போதும். அவன் பேரு மறந்தாலும் மறக்கும், இது மறக்காது."

இந்த ஞாபகம்தான் அவரை வேறொரு வேலையில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

பிள்ளையார்பாளையத்தில் ஒருவர் செத்தால், காரியத்துக்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் படையல் போடுவார்கள். செத்தவர் புழங்கிய அறையில் இலை விரித்து, அவருக்குப் பிடித்ததையெல்லாம் பரப்பி, விளக்கேற்றி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். ஒருவர் கதவருகே நின்று செத்தவரின் பேரை மூன்று முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் யாரும் பேசக் கூடாது. அப்புறம் கனைத்துவிட்டுக் கதவைத் திறந்து, இலையில் விரல் பட்ட அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வீரபாகுவின் கூட்டாளி முருகேசன் செத்தபோது அந்த வீட்டார் இலையில் சர்க்கரைப் பொங்கலை வைத்தார்கள். வீரபாகு பதறிப்போனார். "அவன் இனிப்புப் பொங்கலக் கண்டா எழுந்து ஓடுவாம்மா! உயிரோட இருக்கச்சொல்ல நீங்க ஊட்டி ஊட்டித்தான் அவன் பட்டணத்துக்கே வந்தான்" என்று சண்டை பிடித்தார். படையலையும் காரியத்தையும் ஒருநாள் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறி, மூன்று கடைகளுக்கு அலைந்து முருகேசன் தின்றதையெல்லாம் வாங்கி வந்தார். கதவைத் திறந்தபோது கோதுமை அல்வாவில் ஒரு விரல் அளவுக்குக் குழி இருந்தது. எலியோ, எறும்போ, முருகேசனோ, நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒரு ஆள் வீரபாகுவைத் தேடி வந்துவிடுகிறது.

அதனால்தான் தங்கசாலைத் தெருவில் யாரும் சிரிப்பதில்லை. வியாழக்கிழமை வந்தால் அவர் வாடிக்கையாளர். வேறு கிழமையில் அந்தக் குச்சி உருவம் தெருமுனையில் தெரிந்தால் கடைக்காரர்கள் கையில் உள்ள வேலையை நிறுத்திவிடுவார்கள். என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். "யாரு?" என்றுதான் கேட்பார்கள். "நம்ப ஜரிகைக்கார கோதண்டபாணிபா. செவப்பா, காதுல கடுக்கன் போட்டுக்கினு வருவாரே" என்பார் வீரபாகு. "அடப் பாவமே, போன பொங்கலுக்கு வந்தாரே" என்று கடைக்காரர் பேரம் பேசாமல், எடை பார்க்காமல், ஒரு பிடி கூடவே அள்ளிப் போடுவார். காஞ்சிபுரத்துச் சாவுச் செய்தி பட்டணத்துக்குப் போகிற வழி இதுதான். சொந்தக்காரருக்குத் தந்தி போய்ச் சேரும் முன்னே ஜாங்கிரிக் கடைக்குத் தெரிந்துவிடும்.

இதில் ரகசியங்களும் உண்டு. நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஏகாம்பரநாதரைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத ஒரு பெரியவர் இருந்தார். அவர் வீட்டில் வெங்காயம்கூடப் பயந்து பயந்துதான் நுழையும். அவர் போனபோது, "அவருக்கு இன்னா புடிக்கும்? தயிர்ச்சாதம்தான்" என்றாள் மருமகள். வீரபாகு தலையை ஆட்டிக்கொண்டார். ஐஸ்ஹவுஸ் பக்கம் ஒரு பாய் கடையில், வேட்டி முந்தியால் திருநீற்றைத் துடைத்துவிட்டு அந்தப் பெரியவர் ஆட்டுக்கால் பாயா உறிஞ்சியதை எதிரே உட்கார்ந்து பார்த்தவர் அவர். படையலன்று தயிர்ச்சாதத்தை மருமகள் வைத்தாள். இலைக்குப் பின்னால், படையலுக்கு மடித்து வைத்த வேட்டிக்கு அடியில், மூடி போட்ட ஒரு சின்னப் பாத்திரத்தை வீரபாகு வைத்தார். திரும்பி வரும்போது அதை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டார். "காலியா இருந்துச்சா?" என்று நான் கேட்டேன். "அத நீ கேக்கக் கூடாது, நான் சொல்லக் கூடாது" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரை ஊர் மதிக்கிறது, கூடவே பயப்படுகிறது. கல்யாணப் பந்தியில் அவர் வந்து எதிர் வரிசையில் உட்கார்ந்தால், எதிரே இருப்பவர் இடக்கையால் இலையை மறைத்துக்கொள்வார். "இன்னாத்துக்குண்ணா அப்பிடிப் பாக்குற? நான் இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும்" என்று வேடிக்கையாகச் சொல்வார்கள், குரலில் வேடிக்கை முழுசாக இருக்காது. ஒருமுறை காய்ச்சலில் கிடந்த ஒருவரைப் பார்க்கப்போய், பழக்கதோஷத்தில் "பட்டணத்துலேருந்து ஒனக்கு இன்னா வாங்கியாரட்டும்?" என்று கேட்டுவிட்டார். வீடே ஒப்பாரி வைத்தது. நோயாளி எழுந்து உட்கார்ந்து, அவரை வெளியே போகச் சொல்லித் தலையணையை எறிந்தார். அந்த ஆள் இன்றைக்கும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறார். ஆனால் அன்றிலிருந்து வீரபாகு நோயாளிகளைப் பார்க்கப் போவதில்லை.

படையல் பையோடு திரும்பும்போது அவர் வேறு ஆள். யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. கடையை விட்டு இறங்கினால் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் பையைக் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொள்வார். பூந்தமல்லியில் கூட்டம் நெருக்கியடித்து ஏறும், படிக்கட்டில் தொங்குவார்கள். அவர் பக்கத்து இடம் மட்டும் காஞ்சிபுரம் வரை காலியாகவே வரும். யாரும் அதைத் தடுக்கவில்லை, அவரும் துண்டு போடவில்லை. ஏறுகிறவர்கள் அந்த இடத்தைப் பார்க்கிறார்கள், ஆள் இருப்பதுபோல நகர்ந்து போய்விடுகிறார்கள். நானே ஒருநாள் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். கால் கடுத்தது. இடம் காலியாகத்தான் இருந்தது. ஏனோ நானும் உட்காரவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் கமலவேணி அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

கமலவேணியின் புருஷன் நமச்சிவாயம் ஐம்பத்தொன்பதில் காணாமல் போனவன். வீரபாகுவோடு பட்டணம் போன ஆள். சண்டை இல்லை, கடன் இல்லை, கையில் தான் நெய்த இரண்டு சேலைகள். கொண்டுபோன சேலை கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆள் வீடு வந்து சேரவில்லை. கொத்தவால் சாவடிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒற்றைக் கதவு போட்ட சின்னக் கடையில் அவனைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு, "துண்ணுக்கினு இரு, தோ வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு வீரபாகு ஒரு மூட்டையை இறக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது இலை மட்டும் இருந்தது. கடலில் விழுந்தான் என்றார்கள், ரயிலில் அடிபட்டான் என்றார்கள், காசிக்குப் போய்விட்டான் என்றார்கள். பிள்ளையில்லாத கமலவேணி அவன் விட்டுப்போன தறியில் தானே உட்கார்ந்து நெய்து பிழைத்தாள். வீரபாகு அந்தச் சந்தை அதன்பிறகு மிதிக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் அதன் முனையைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். அந்த ஒரு இலையை அவரால் ஜீரணிக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

இப்போது நமச்சிவாயத்தின் அண்ணன் குப்புசாமி வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் பந்தக்கால் நட முடியாது என்றார்கள் சம்பந்திகள். பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லையென்றால் செத்தவனாக வைத்துக் காரியம் செய்துவிடலாம் என்பது வழக்கம். புதன்கிழமை காலையில் கமலவேணி தாலியைக் கழற்ற வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் படையல்.

"எனக்கு அவரு வீட்ல துண்ணதுதாண்ணா தெரியும்" என்றாள் கமலவேணி. "வெளிய இன்னா ஆசையா துண்ணாருன்னு ஒனக்குத்தான் தெரியும். வாங்கிக்கினு வா."

நமச்சிவாயம் ஆசையாகத் தின்றது அந்தச் சந்துக் கடையில்தான். கெட்டித் தயிரில் ஊறிய வடை, அதன்மேல் ஒரு கைப்பிடி வெல்லத்தூள். தயிர்வடைக்கு வெல்லம் கேட்கிற ஆளை வீரபாகு தன் வாழ்நாளில் வேறு எங்கும் பார்த்ததில்லை. சாப்பிட்டு முடித்ததும் தாளித்த கறிவேப்பிலைகளைத் தயிரிலிருந்து பொறுக்கி எடுத்து, இலையின் ஓரத்தில் நுனியெல்லாம் ஒரே பக்கம் பார்க்க, தறியில் பாவு நூல் நீட்டிய மாதிரி வரிசையாக அடுக்குவான். அது அவன் கை வழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலையில் வீரபாகு அந்தச் சந்துக்குள் நுழைந்தார். கால் பின்னுக்கு இழுத்தது. கடை அப்படியே இருந்தது, அதே ஒற்றைக் கதவு. முதலாளி மாறியிருந்தார், சப்ளையர் புதிய ஆள். இந்தக் கடையில் யாரும் 'யாரு?' என்று கேட்கவில்லை.

"இன்னா சார் வேணும்?"

"தயிர்வடை. இந்தத் தூக்குல போட்டுக் குடுப்பா. மேல வெல்லம் தூவணும்."

சப்ளையர் சிரித்துவிட்டான். "இன்னா சார், இன்னிக்கி ரெண்டு பேரா? இந்தப் பட்டணத்துல இப்பிடித் துண்றவரு ஒருத்தருதான்னு நெனச்சினு இருந்தேன்."

வீரபாகு தூக்கை மேசைமேல் வைத்தார். "எந்த ஒருத்தரு?"

"தோ, இங்கதான் குந்தியிருந்தாரு. நீ வாசப்படி ஏறச்சொல்ல எழுந்து பின்பக்கமா பூட்டாரு. கைகூட கழுவல. இத்தினி நாள்ல அப்பிடிப் பாதியில எழுந்தவரே கெடையாது."

மூலை மேசையில் ஒரு இலை. ஒன்றரை வடை மிச்சம். வெல்லம் தயிரில் கரைந்து பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. இலையின் ஓரத்தில் ஆறு கறிவேப்பிலைகள், நுனியெல்லாம் ஒரே பக்கம் பார்க்க, வரிசையாக இருந்தன. ஏழாவது பாதி வழியில் கிடந்தது.

எத்தனையோ செத்தவர்களுக்கு இலை போட்ட வீரபாகு, அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பார்த்த அதே மேசை. நடுவில் ஒருநாளும் கழியாததுபோல இலை ஈரமாகவே இருந்தது.

"எவ்ளோ நாளா வராரு?"

"நான் வேலைக்கிச் சேந்து ஒம்போது வருசம். அதுக்கு மின்னாடியேருந்து வராராம். பேச மாட்டாரு. பேரும் தெரியாது. ஏன் சார், வேண்டியவரா?"

வீரபாகு பின்வாசலுக்கு ஓடினார். கதவு நிலையில் நான்கு விரல் தயிர் பதிந்திருந்தது. அந்த வழி கொத்தவால் சாவடிக்குள் போய் விழுந்தது. மூட்டைகள், வாழைத்தார்கள், கூடைகள், தலைகள். எங்கே தேடுவது? வாயில் வந்தபடி கத்தினார்: "நமச்சிவாயம்!" அந்தக் கத்தலுக்குச் சந்தையே திரும்பிப் பார்த்தது. கீரைக்காரி திரும்பினாள், கூலிகள் திரும்பினார்கள், தூங்கிக்கொண்டிருந்த வண்டிக்காரன்கூட எழுந்து பார்த்தான். ஒரே ஒரு முதுகு மட்டும் திரும்பவில்லை. அது வேகத்தைக் கூட்டவும் இல்லை. வாழைத்தார் சுமந்த வரிசைக்குள் மெதுவாக நுழைந்து காணாமல் போனது.

பிறகு நடந்ததை நினைத்தால் அவருக்கே இன்றுவரை புரியவில்லை. கடைக்குத் திரும்பி வந்து, தூக்கில் வடையைப் போட்டு வாங்கிக்கொண்டார். வாங்க வந்த கை, வெறுமனே திரும்ப மறுத்தது. மற்ற கடைகளுக்கும் போய், நமச்சிவாயம் தின்ற ஓமப்பொடியும் ரஸ்தாளிப் பழமும் வாங்கினார். "யாரு?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. உயிரோடு இருப்பவனுக்குப் படையல் வாங்கியது அவர் ஆயுளில் இதுதான் முதல் தடவை. அப்படிப் போட்டுவிட்டால், அந்த ஆள் அதற்குப்பின் எதைத் தின்றாலும் நாக்குக்கு மண்ணாகத்தான் இருக்கும் என்று பிள்ளையார்பாளையத்தில் சொல்வார்கள். வீரபாகு அதை நம்புகிறவர். பஸ்ஸில் பக்கத்து இடம் அன்றைக்கும் காலியாகத்தான் வந்தது. அவர் காஞ்சிபுரம் வரை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் கமலவேணியின் வீட்டுக்குப் போனார். தெருவில் குப்புசாமியும் சொந்தக்காரர்களும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கமலவேணி தறி அறையில் தனியாகத் தரையை மெழுகிக்கொண்டிருந்தாள். தறியில் பாதி நெய்த அரக்குச் சேலை இருந்தது.

"கமலம்மா, கைய நிறுத்து. நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் வீரபாகு. கதவை ஒருக்களித்துவிட்டு, இலையிலிருந்து முதுகு வரை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "வாரா வாரம் அந்தச் சந்து வழியாத்தாம்மா போனேன். ஒருநாளு உள்ள எட்டிப் பாத்திருந்தா போதும். பன்னண்டு வருசம் நான் மூஞ்சியத் திருப்பிக்கினு போயிருக்கேன்."

கமலவேணி தரை மெழுகும் துணியைப் பிழிந்தாள். ரொம்ப நேரம் பிழிந்தாள்.

"எளச்சிருக்காரா?"

"முதுகுதாம்மா பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"ஒன்னியப் பாத்துட்டுத்தான் எழுந்தாரா?"

"ஆமாம்மா."

"கைகூட கழுவாம."

"ஆமா."

"நீ மின்னாடியே போயிருந்தா மின்னாடியே எழுந்து ஓடியிருப்பாருண்ணா. ஒன் மேல ஒண்ணும் இல்ல." அவள் அழவில்லை. அழுதிருந்தால் வீரபாகுவுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். "பன்னண்டு வருசமா நான் ராத்திரியில தாப்பா போட்டதில்ல, தெரியுமா? தட்டி, தெறக்க நேரமாயி, திரும்பிப் பூடப் போறாரேன்னு. ஊர்ல எத்தினியோ பேச்சு பேசுனாங்க. ரெண்டரை மணி நேர பஸ்ஸுதானேண்ணா?"

வீரபாகு கதவுப் பக்கம் திரும்பினார். "குப்புசாமிகிட்ட நான் சொல்லிட்றேன். எல்லாத்தியும் நிறுத்திடலாம். உசுரோட இருக்கிறவனுக்கு இது போடக் கூடாதும்மா. பாவம்."

"இன்னான்னு சொல்லுவ? தம்பி நல்லா கீறாரு, தெனமும் வெல்லம் போட்டு வடை துண்ணுக்கினு கீறாருன்னா? அப்பறம்? நாலு பேரு போயி இஸ்துக்கினு வருவாங்க. வந்து இங்க குந்துவாரு. நான் சோறு போடணும்." அவள் எழுந்து கையை நீட்டினாள். "அந்தாளுக்குன்னுதான வாங்கியாந்த? குடு அந்தத் தூக்க."

கணவனை அவள் 'அந்தாளு' என்றது அதுதான் முதல் தடவை. வீரபாகு தூக்கைக் கொடுத்தார். தடுத்திருக்கலாம். தெருவுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவள் தறிக்குழியின் ஓரத்தில் இலையை விரித்தாள். வடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தயிரை ஊற்றி, வெல்லத்தூளைத் தூவினாள். ஓமப்பொடியைக் குவித்தாள், பழத்தை உரித்து வைத்தாள். புதுமாப்பிள்ளைக்குப் பரிமாறுவதுபோல அத்தனை நிதானமாகச் செய்தாள். விளக்கை ஏற்றினாள்.

"தண்ணிய மறந்துட்டியேம்மா" என்றார் வீரபாகு. பழக்கம் அவரை விடவில்லை. "துண்ட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சாத்தான் வந்தவங்க எழுந்து போவ முடியும். இல்லன்னா வந்த எடத்துலயே நின்னுடுவாங்க." கிணற்றடிக்குப் போய் ஒரு சொம்பு நிறைய மொண்டு வந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வெளியே வந்து நின்றார்.

கமலவேணி உள்ளே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். தெருவில் எல்லோரும் எழுந்து வந்து நின்றார்கள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். வீரபாகு கதவுக்கு முன் போய் நின்றார்.

"நமச்சிவாயம்!"

காலையில் சந்தையில் கத்திய அதே பேர்.

"நமச்சிவாயம்!"

குப்புசாமி கண்ணை மூடிக் கைகூப்பினார். அவருக்குத் தம்பி நிஜமாகவே செத்துப் போயிருந்தான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"நமச்சிவாயம்!"

உள்ளே தறி மிதிபலகை ஒருமுறை டக்கென்றது. எல்லோர் காதிலும் விழுந்தது. ஒரு கிழவி "வந்துட்டான்பா" என்று முணுமுணுத்தாள். மரம் சாயங்காலத்தில் இப்படிச் சத்தம் போடும், எலி ஓடினாலும் போடும் என்று வீரபாகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் தப்பிய ஆள் எங்கேயோ பட்டணத்தில், வாயில் வைத்த கவளத்தோடு, திடுக்கிட்டு நிமிர்வதுபோல அவர் கண்ணுக்குள் ஒரு காட்சி வந்து போனது.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற கமலவேணி முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். அதில் இலைக்கென்று அவர் மொண்டு கொடுத்த சொம்பு, தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. அவர் சொம்பைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"காலம்பறலேருந்து வெயில்ல அலஞ்சிட்டு வந்திருக்க. குடிண்ணா" என்றாள் மெதுவாக.

வீரபாகு சொம்பை வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.